அந்தப் பதினெட்டு ஓட்டு

உபாத்தியாயர்கள் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர்கள்; விடை தெரியாமல் விழிப்பது மாணவர்களின் தலைவிதி. பள்ளிக்கூடம் என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து நடந்து வருகிற ஏற்பாடு இது. பதினைந்து வருஷ காலம் நாமும் இந்த ஏற்பாட்டின் நிழலில் சௌக்கியமாகவே இருந்து வந்தோம். 2016-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு சிறு பெண், அதுவரையில் வாய் திறந்தே அறியாதவள், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். அன்று தலைகீழானது இன்னும் நேராகவில்லை.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் மாணவர் தலைவர் தேர்தல் நடப்பது வழக்கம். ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பிரிவுகள். 'அ', 'ஆ' இரண்டும் தமிழ் வழிப் பிரிவுகள். முதலாவதில் 62 பேர், இரண்டாவதில் 58 பேர். 'இ', 'ஈ', 'உ' மூன்றும் ஆங்கில வழி. அவற்றில் முறையே 34, 32, 34 பேர். ஆக மொத்தம் 220 பிள்ளைகள். எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள்; யாருக்கு அதிகமோ அவர் தலைவர். இதில் பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை.

ஆனால் மூன்று வருஷமாகத் தமிழ் வழிப் பிள்ளைகளே தலைவராக வந்து கொண்டிருந்தார்கள். ஆங்கில வழிப் பெற்றோர்களில் சிலர் வந்து, "எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதுமே சந்தர்ப்பம் கிடையாதா? எண்ணிக்கையில் குறைந்தது அவர்கள் குற்றமா?" என்று முறையிட்டார்கள். தலைமை ஆசிரியர் தலையைச் சொறிந்துவிட்டு, "நீங்கள்தான் அரசியல் சாஸ்திரத்தில் எம். ஏ. ஆயிற்றே, ஒரு வழி சொல்லுங்கள்!" என்று நம்மிடம் தள்ளிவிட்டார். பட்டத்தை ஞாபகப்படுத்திக் கேட்டால் மயங்காத மனிதன் உண்டா? அன்று இரவே உட்கார்ந்து ஒரு திட்டம் தயாரித்தோம். சொந்தச் சரக்கு அல்ல, அமெரிக்காவிலிருந்து எடுத்தது.

ஒவ்வொரு பிரிவுக்கும் 20 பேருக்கு ஒருவர் வீதம் தேர்வாளர்கள். அதற்கு மேல், சின்னப் பிரிவு பெரிய பிரிவு என்று பாராமல் எல்லாப் பிரிவுக்கும் இரண்டு பேர். இந்தக் கணக்குப்படி 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் ஐந்தைந்து, மற்ற மூன்றுக்கும் நான்கு நான்கு, மொத்தம் 22. ஒரு பிரிவில் யாருக்கு அதிக ஓட்டோ, அந்தப் பிரிவின் தேர்வாளர் அத்தனை பேரும் அவருக்கே. 12 தேர்வாளர்கள் கிடைத்துவிட்டால் வெற்றி. தலைமை ஆசிரியர் இதைப் படித்துவிட்டு நம்மைப் பார்த்த பார்வையில் பக்தியே தெரிந்தது.

தேர்தல் நடந்தது. 'அ' பிரிவு மாணவி ஒருத்தியும் 'உ' பிரிவு மாணவன் ஒருவனும் போட்டியிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு 'அ'வில் 50 ஓட்டு, 'ஆ'வில் 45. ஆங்கில வழிப் பிரிவுகளிலும் அவளுக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள். 16, 15, 16 என்று விழுந்தன. பையனுக்கு அந்த மூன்று பிரிவுகளில் 18, 17, 18. தமிழ் வழிப் பிரிவுகளில் 12, 13. கூட்டிப் பார்த்தால் பெண்ணுக்கு 142, பையனுக்கு 78. ஆனால் தேர்வாளர் கணக்கில் பையனுக்கு 12, பெண்ணுக்கு 10. பையனே தலைவன் என்று தலைமை ஆசிரியர் அறிவித்தார். கை தட்டல் என்று ஒன்று கேட்டது. யார் தட்டினார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

மறுநாள் 'அ' பிரிவில் நாம் நுழைந்ததும்தான் அந்தக் கடைசிப் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"சார், எங்கள் வகுப்பில் 32 ஓட்டு வாங்கினாலே ஐந்து தேர்வாளரும் கிடைத்துவிடும், இல்லையா?"

"ஆமாம்."

"அவளுக்கு 50 பேர் போட்டோம். மீதிப் பதினெட்டு ஓட்டு எங்கே சார் போயிற்று? அந்தப் பதினெட்டுப் பேரும் எதற்காக வரிசையில் நின்றோம்?"

தோற்றவளுக்காக அவள் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "அவள் ஏன் தோற்றாள்?" என்று கேட்டிருந்தால், விதி, வெற்றி தோல்வி, வீரனுக்கு அழகு என்று ஏதாவது உபதேசம் செய்து சமாளித்திருப்போம். "என் ஓட்டு எங்கே?" என்ற கேள்விக்கு உபதேசம் உதவாது.

"அமெரிக்காவிலேயே இப்படித்தான் அம்மா, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்!" என்றோம். நம் ஊரில் அமெரிக்கா என்ற வார்த்தைக்கு வாயை அடைக்கும் சக்தி உண்டு. அந்தச் சபைக்கு ஆங்கிலத்தில் 'எலெக்டோரல் காலேஜ்' என்று பெயர் என்பதையும் சொன்னோம். உடனே இன்னொரு பையன், "அந்தக் காலேஜில் சேர எத்தனை மார்க் சார் வேண்டும்?" என்று கேட்க, வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்; தப்பினோம் என்று நினைத்தோம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அங்கேயும் ஜாஸ்தி ஓட்டு வாங்கினவர் தோற்றிருக்கிறாரா சார்?" என்றாள். "எப்போதோ நடக்கும், அபூர்வம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தோம்.

நான்கு மாதம் சென்றது. 2016 நவம்பர் 9-ந் தேதி காலையில் நம் நாட்டில் அநேகமாக எல்லாரும், செல்லாது என்று முன்னிரவில் அறிவிக்கப்பட்ட 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுக்களைக் கையில் வைத்துக் கொண்டு கலங்கி நின்றோம். அமெரிக்கத் தேர்தல் முடிவு அந்தச் சந்தடியில் வந்து சேர்ந்தது. எண்ணிக்கை முழுவதும் முடியச் சில வாரங்கள் பிடித்தன. முடிந்த பிறகு பார்த்தால், ஹில்லாரி கிளிண்டனுக்கு 28 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு; ஜனாதிபதியோ டொனால்ட் டிரம்ப். பத்திரிகையிலிருந்து அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக் கொண்டு, கடைசிப் பெஞ்சுப் பெண் நம் மேஜைக்கு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலைதான், எம். ஏ. படித்து எத்தனையோ வருஷம் கழித்து, நாம் அந்த விஷயத்தை உண்மையிலேயே படிக்கத் தொடங்கினோம்.

சபை என்று பெயரே ஒழிய, அமெரிக்கத் தேர்வாளர் சபை ஒரே இடத்தில் ஒரு நாளும் கூடுவதில்லை. மொத்தம் 538 தேர்வாளர்கள். பிரதிநிதிகள் சபையின் 435 ஸ்தானங்களுக்கு ஈடாக 435. ராஜ்யத்துக்கு இரண்டு வீதம் உள்ள செனட் ஸ்தானங்களுக்கு ஈடாக 100. 1961-இல் செய்த திருத்தத்தினால் தலைநகரான வாஷிங்டனுக்கு 3. டிசம்பர் மாதத்தில் அவரவர் தத்தம் ராஜ்யத்தில் கூடி ஓட்டெழுதி அனுப்பி விடுகிறார்கள். 270 கிடைத்தவர் ஜனாதிபதி. மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு ராஜ்யங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், ராஜ்யத்தில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அங்குள்ள தேர்வாளர் அத்தனை பேரும் அவருக்கே. தேர்வாளர்கள் விவேகிகளாய் இருந்து தங்கள் புத்தியை உபயோகித்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஆரம்பத்து எண்ணம். இன்றோ, கட்சி சொன்ன பெயரை எழுதுவதே அவர்கள் வேலை. மாறி எழுதினால் ராஜ்யம் தண்டிக்கலாம் என்று 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

"அபூர்வம்" என்று வகுப்பில் சொன்னோம் அல்லவா? 1876-இல் டில்டன் அதிக ஓட்டுப் பெற்றார். 185-க்கு 184 என்று ஒரே தேர்வாளர் வித்தியாசத்தில் ஹேஸ் ஜனாதிபதியானார். 1888-இல் கிளீவ்லாந்து அதிக ஓட்டுப் பெற்றார், ஹாரிஸன் ஜனாதிபதியானார். 2000-இல் ஆல் கோருக்கு ஐந்தே கால் லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு. பிளாரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் வென்றார். பிறகு 2016. இது தவிர 1824-இல் யாருக்கும் தேர்வாளர் பெரும்பான்மை கிடைக்காமல், ஜனங்களின் ஓட்டிலும் தேர்வாளர் ஓட்டிலும் முதலாவதாக வந்த ஜாக்ஸனை ஒதுக்கிவிட்டுப் பிரதிநிதிகள் சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது.

தவறிப் போன சந்தர்ப்பங்களும் உண்டு. 2004-இல் புஷ்ஷுக்கு 30 லட்சம் ஓட்டு அதிகம். ஆனால் ஒஹையோ ராஜ்யத்தில் அவருக்கு இருந்த 1,18,000 சொச்சம் வித்தியாசத்தில் பாதிப் பேர் மாறிப் போட்டிருந்தால் கெர்ரி ஜனாதிபதி. 2020-இல் பைடனுக்கு 70 லட்சம் அதிகம். அரிஸோனா, ஜார்ஜியா, விஸ்கான்ஸின் மூன்றிலும் சேர்த்து அவருக்கு இருந்த வித்தியாசமோ சுமார் 43,000; அந்த மூன்றும் கைமாறியிருந்தால் 269-க்கு 269 என்று நின்றிருக்கும். ஆகவே இந்த யந்திரம் ஒரு கட்சிக்கு மட்டும் சத்துரு அல்ல. எந்தக் கட்சியை எந்த வருஷம் கடிக்கும் என்று சொல்ல முடியாது. 2024-இல் டிரம்ப் இரண்டு கணக்கிலும் வென்றார். அப்படி இரண்டும் ஒத்துப் போகிற வருஷங்களில் யந்திரத்தின் பழுது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதினெட்டு ஓட்டுக்கு அண்ணன்மார்கள் அமெரிக்காவில் லட்சக் கணக்கில் இருக்கிறார்கள். 2020 தேர்தலில் டிரம்புக்கு மிக அதிகமான ஓட்டு எந்த ராஜ்யத்தில் விழுந்தது தெரியுமா? அவர் அமோகமாகத் தோற்ற கலிபோர்னியாவில்! 60 லட்சம் பேர் அங்கே அவருக்குப் போட்டார்கள். அந்த 60 லட்சத்துக்கும் சேர்த்து ஒரு தேர்வாளர் கூடக் கிடையாது. எங்கள் 'அ' பிரிவில் பையனுக்குப் போட்ட 12 பேரின் கதியும் அதுவேதான். வென்ற பக்கத்தில் உபரியாய்ப் போவது ஒரு விதம். தோற்ற பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போவது இன்னொரு விதம்.

இதில் இரண்டு பழுதுகள் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒன்று, சின்ன ராஜ்யத்துக்கும் பெரிய ராஜ்யத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு கொடுப்பது. 2020 ஜனக் கணக்குப்படி வயோமிங் ராஜ்யத்தில் ஐந்தே முக்கால் லட்சம் ஜனங்களுக்கு 3 தேர்வாளர். கலிபோர்னியாவில் 3 கோடி 95 லட்சம் ஜனங்களுக்கு 54. அங்கே 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒருவர். இங்கே 7 லட்சத்து 32 ஆயிரம் பேருக்கு ஒருவர். மற்றொன்று, ராஜ்யத்தை மொத்தமாகத் தூக்கி ஒருவர் மடியில் போட்டுவிடுவது. எல்லாரும் முதல் பழுதைத்தான் பேசுகிறார்கள். அந்த இரண்டிரண்டைக் கழித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2000-இல் கோர் வென்றிருப்பார்; ஆனால் 2016-இல் கழித்த பிறகும் டிரம்ப்தான் வருவார். பெரிய பழுது இரண்டாவதே. இந்தக் கணக்கை நம்முடைய தேர்தலுக்கும் போட்டுப் பார்த்தோம். இரண்டிரண்டைக் கழித்தால் 6-க்கு 6! 142-ம் 78-ம் சமம் என்று சொல்லும் கணக்கு அது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டோம்.

ஆனால் அன்றிரவு நம்முடைய தூக்கத்தைக் கெடுத்தது எண்கள் அல்ல. இந்த ஏற்பாடு பிறந்த கதை.

1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் அமைப்பை வகுக்கக் கூடியவர்களில் ஜேம்ஸ் வில்ஸன் என்பவர், ஜனாதிபதியை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொன்னார். ஜார்ஜ் மேஸன், அது குருடனிடம் வர்ணத்தைச் சோதிக்கச் சொல்வது போலாகும் என்ற கருத்தில் ஆட்சேபித்தார். தூர தேசங்களில் இருப்பவர்களின் யோக்கியதை ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் கவலை. ரயிலும் தந்தியும் இல்லாத காலம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் மாடிஸன் இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று ஒப்புக் கொண்டுவிட்டு, தெற்கு ராஜ்யங்களுக்கு அது பாதகம் என்றார். ஏன்? அங்கே அடிமைகள் அதிகம். அடிமைகளுக்கு ஓட்டுக் கிடையாது. நேர் ஓட்டு வைத்தால் அடிமைகளை உடையவர்களின் கை தாழ்ந்துவிடும். தேர்வாளர் முறையிலோ, ராஜ்யத்தின் பலம் அதன் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிரதிநிதிகளைக் கணக்கிடும்போது அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். ஓட்டுப் போட முடியாத அடிமை, தன் எஜமானனின் ஓட்டுக்குக் கனம் கொடுக்கப் பயன்பட்டான். முதல் 36 வருஷங்களில் 32 வருஷம் வர்ஜினியா ராஜ்யத்தார்களே ஜனாதிபதியாய் இருந்தார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு நம்முடைய முகம் தெரிந்தது. நாம் அடிமை வியாபாரம் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் எண்ணிக்கையில் குறைந்து, செல்வாக்கில் மிகுந்த சிலர் வந்து முறையிட்டபோது, எண்ணுகிற முறையையே மாற்றி அவர்களைத் திருப்தி செய்தவர்கள் நாம்தானே? தமிழ் வழிப் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் தலைமை ஆசிரியரின் அறைக்கு முறையிட வருவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே! அவர்களிடம் இருந்தது ஆளுக்கு ஒரு ஓட்டு. அதைத்தான் நாம் இலேசாக்கினோம். சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்று அதற்கு அழகான பெயரும் வைத்தோம்.

இந்தத் தேர்வாளர் முறைக்காகப் பேசுகிறவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கா ராஜ்யங்கள் சேர்ந்து ஏற்பட்ட தேசம். பெரிய நகரங்களின் ஓட்டை மட்டும் வாங்கிக் கொண்டு ஒருவர் ஆளக் கூடாது. நாட்டின் பல பாகங்களிலும் ஆதரவு வேண்டும் என்கிறார்கள். ஓட்டு வித்தியாசம் மிகக் குறைவானால், தகராறு 2000-இல் பிளாரிடாவில் நின்றது போல ஒரு ராஜ்யத்தோடு நிற்கும். நாடு முழுதும் மறுபடி எண்ண வேண்டியிராது என்கிறார்கள். இந்தக் கடைசி வாதம் வலுவுள்ளதுதான். ஆனால் பல பாகங்களுக்கும் போக வேண்டும் என்று வைத்த முறை, நடப்பில் வேட்பாளர்களைப் பென்ஸில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்ஸின் போன்ற சில ராஜ்யங்களையே சுற்றிச் சுற்றி வர வைக்கிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ராஜ்யம் பெரிதானாலும் சிறிதானாலும் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வயோமிங்குக்காக ஏற்பட்ட பாதுகாப்பு வயோமிங்குக்கே உதவவில்லை.

மாற்றப் பார்க்காமலும் இல்லை. 1969-இல் நேர் ஓட்டு முறைக்கான திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338-க்கு 70 என்று நிறைவேறியது; மறு வருஷம் செனட்டில் பேசிப் பேசியே அதைக் கொன்றுவிட்டார்கள். நாடு முழுதும் அதிக ஓட்டுப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைக் கொடுப்போம் என்று ராஜ்யங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்து வருகின்றன. 2007-இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024-இல் மெயின் சேர்ந்தபோது கணக்கு 209-ஐ எட்டியது. 270 ஆனால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும்.

இந்த ஞானோதயத்தையெல்லாம் ஆசிரியர்கள் அறையில் கொட்டியபோது, எங்கள் கணக்கு வாத்தியார் சிரித்தார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். "ஓய்! நம்முடைய ஜனாதிபதியை மட்டும் நீரும் நானுமா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம்? அமெரிக்காவைக் குறை சொல்லும் வாயால் டில்லியையும் சொல்லுமே!" என்றார்.

நல்ல கேள்வி. நம்முடைய அரசியல் நிர்ணய சபையிலும் இந்த விவாதம் நடந்தது. கே. டி. ஷா என்ற அங்கத்தினர், வயது வந்தோர் எல்லாரும் ஜனாதிபதியை நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் திருத்தம் கொண்டு வந்தார்; அது தோற்றது. ஜவாஹர்லால் நேருவின் காரணம் எளிது: அதிகாரம் மந்திரி சபையிடமும் சட்ட சபையிடமும் இருக்க வேண்டும், நாடு முழுதும் ஓட்டெடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கு உண்மையான அதிகாரம் இல்லை என்று சொல்வது பொருந்தாது. ஆகவே பார்லிமெண்டிலும் ராஜ்யச் சட்ட சபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவர்களுடைய ஓட்டின் மதிப்பையும் ஜனத் தொகையைக் கொண்டே நிர்ணயித்தார்கள். 1971-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி, உத்தரப் பிரதேசச் சட்ட சபை அங்கத்தினரின் ஓட்டுக்கு மதிப்பு 208. தமிழ்நாட்டு அங்கத்தினருக்கு 176. சிக்கிம் அங்கத்தினருக்கு 7. எல்லா ராஜ்யத்துக்கும் இரண்டு என்ற தானம் இல்லை. அதைவிட முக்கியம், ராஜ்யத்தை மொத்தமாக மடியில் போடும் வழக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரே ஓர் அங்கத்தினர் மற்றவர்களுக்கு மாறாக ஓட்டளித்தாலும், அவருடைய 176 அவர் விரும்பியவருக்கே போய்ச் சேருகிறது. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. 1971-க்குப் பிறகு ஜனங்கள் பெருகவில்லையா என்று மட்டும் கேட்டார். அது வேறு வழக்கு. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய ராஜ்யங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக அந்தக் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றோம்.

ஆனால் அவருடைய கேள்வியினால் நமக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. நடுவில் ஒரு சபை இருப்பதே தப்பு என்று சொல்ல முடியாது. அலங்காரமும் கண்ணியமும் பிரதானமான பதவிக்கு, நம் பிரதிநிதிகள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது தகும். நம்மிடம் அதற்காக யாரும் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. ஆகவே ஏமாற்றமும் இல்லை. அமெரிக்காவில் ஜனாதிபதிக்குப் படைகளும் சட்டத்தைத் தடுக்கும் உரிமையும் உண்டு. அந்தப் பதவிக்காகவே வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்கிறார்கள். சீட்டில் அவர் பெயரை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஜனங்களும் வரிசையில் நின்று போடுகிறார்கள். அதன் பிறகு, உன் ஓட்டு உபரி என்கிறார்கள். கேட்காமல் இருப்பது ஒரு ஏற்பாடு. கேட்டு வாங்கிக் கொண்டு எண்ணாமல் இருப்பது அவமரியாதை. கடைசிப் பெஞ்சுப் பெண் சொன்னது இதைத்தான். நமக்கு விளங்க ஐந்து மாதம் பிடித்தது.

அந்த வருஷத்துத் தலைவனை நாம் மாற்றவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றுவது இன்னும் பெரிய அநியாயம். பையன் செய்த குற்றமும் ஒன்றுமில்லை. அவனோ தலைவனுக்குரிய பட்டையை வருஷம் முழுதும் ஏதோ இரவல் சட்டை போலவே அணிந்து வந்தான். 'அ' பிரிவுக்குப் போய் மட்டும் நம்முடைய திட்டம் தப்பு என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக் கொண்டோம். உபாத்தியாயருக்கு அதைவிடக் கடினமான பாடம் கிடையாது. அடுத்த வருஷம் பழையபடி நேர் ஓட்டு.

அதோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2017-இல் நான்கு பேர் நின்றார்கள். 216 ஓட்டில் 71 வாங்கியவன் தலைவனானான். அப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட நம்முடைய பெண் வராந்தாவில் நம்மை மறித்து, "மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அவன் வேண்டாம் போலிருக்கிறதே, சார்?" என்றாள். நேர் ஓட்டு என்று சொல்லிவிட்டால் போதாது. அதை எண்ணுவதிலும் வகைகள் இருக்கின்றன. பிரான்ஸில் 1958-இல் சுமார் 80,000 தேர்வாளர்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1962-இல் ஜனங்களின் சம்மதம் பெற்று நேர் ஓட்டுக்கு மாறினார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து அங்கே மறுபடி ஓட்டெடுக்கிறார்கள். 1965-இல் தெகால் போன்ற மகா வீரரே இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இலங்கையிலோ 1982 முதல் நேர் ஓட்டு. ஒரே சீட்டில் மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். 2024-இல் முதன் முறையாக இரண்டாவது விருப்பங்களையும் எண்ண வேண்டி வந்தது. 2018 முதல் எங்கள் பள்ளிக்கூடத்துச் சீட்டிலும் இரண்டாவது விருப்பத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஆங்கில வழிப் பிள்ளைகளும் தலைவராக வந்திருக்கிறார்கள்; தமிழ் வழிப் பிரிவுகளுக்குப் போய் நாலு வார்த்தை பேசி, சிநேகம் சம்பாதித்துக் கொண்டு வந்தார்கள். சிறுபான்மைக்கு அதுவே நல்ல பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

2024 ஏப்ரல் 19-ந் தேதி பார்லிமெண்ட் தேர்தலுக்கு வெளியூரில் ஒரு சாவடியில் நமக்கு வேலை. இரவு, விழுந்த ஓட்டின் எண்ணிக்கையை 17-சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, யந்திரத்துக்கு முத்திரை வைத்து ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஊர் திரும்பினோம். பஸ் நிலையத்தில் ஓர் இளம் பெண் வந்து கும்பிட்டாள். கடைசிப் பெஞ்சு! கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறாளாம். விரலில் மை.

"என் ஓட்டு வீணாகாதே, சார்?" என்று சிரித்தாள்.

"ஒன்று கூட விடாமல் எண்ணுவார்கள், அம்மா. எத்தனை விழுந்தது என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்" என்றோம் பெருமையாக.

"எண்ணுவார்கள் சார். ஆனால் 2018-இல் கர்நாடகத்தில் காங்கிரஸுக்கு நூற்றுக்கு 38 ஓட்டு, 80 ஸ்தானம். பா.ஜ.க.வுக்கு 36, ஆனால் 104 ஸ்தானம். இதுவும் உங்களுடைய பழைய திட்டம் மாதிரிதானே? தொகுதி தொகுதியாய் மடியில் போடுகிறார்களே!"

தொகுதிக்குத் தொகுதி வேறு வேறு ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம், ஒரே பதவிக்கு அல்ல, ஆகையால் அது வேறு இது வேறு என்று ஆரம்பித்தோம். சொல்லும்போதே, பாதி விடைதான் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

"படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றோம்.

"அவசரமில்லை சார், போன தடவை ஐந்து மாதம் ஆயிற்றே!" என்று சொல்லி ஏறிக் கொண்டாள்.

படித்துக் கொண்டிருக்கிறோம்.